எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னால்: ஆய்வுத் திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ்மொழி ஆசிரியர்களின் ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே 'மாதிரி எண்ணிக்கை', அதாவது ஆய்வில் எத்தனை பேர், என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதன் பக்கத்தில் 'காரணம்' என்று இன்னொரு சின்னக் கட்டம். மூன்றாம் பக்கத்தின் அடியில், செலவுக் கணக்குக்கும் கையொப்பத்துக்கும் நடுவில், 'தரவுப் பகுப்பாய்வு முறை' என்று ஒரே ஒரு வரி. இந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பகுப்பாய்வு முதலில் வரட்டும், எண்ணிக்கை அதற்குக் கீழே வரட்டும்.

மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் பார்ப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் தெரிந்த ஆசிரியர்களும் முதுகலை மாணவர்களும் படிவத்தோடு வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், எத்தனைன்னு போடட்டும்?" என்ன சோதனை செய்யப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், "அதை அப்புறம் பார்த்துக்கலாம் சார், டேட்டா வரட்டும்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படிவம் அப்படித்தானே கேட்கிறது? தேக்காவில் துணிக்கடைக்காரர் எத்தனை மீட்டர் வெட்டட்டும் என்று கேட்டால், என்ன தைக்கப் போகிறோம் என்று தெரியாமல் யாரும் பதில் சொல்வதில்லை. ஆய்வில் மட்டும் சொல்லிவிடுகிறோம்.

எப்படிச் சொல்கிறோம் என்றும் பார்த்திருக்கிறேன். 'காரணம்' கட்டத்தில் வருவது பெரும்பாலும் மூன்று எண்களில் ஒன்று: 384, 30, 64. மூன்றுமே நல்ல எண்கள்தாம். எல்லாம் எங்கேயோ சரியான இடத்தில் பிறந்து, இங்கே தவறான இடத்துக்கு வந்து சேர்ந்தவை.

384 வருவது கருத்துக்கணிப்புக் கணக்கிலிருந்து. பெரிய மக்கள்தொகையில் எத்தனை விழுக்காட்டினர் ஒன்றைச் செய்கிறார்கள் என்பதை, 95 விழுக்காடு நம்பிக்கையோடு, 5 விழுக்காட்டுப் புள்ளி கூடக்குறைய மதிப்பிட வேண்டும் என்றால் 384 பேர் தேவை. மக்கள்தொகை 1000 பேர்தான் என்றால் 278 போதும். 1970இல் கிரெஜ்சியும் மார்கனும் வெளியிட்ட அட்டவணையில் இந்த எண்களெல்லாம் இருக்கின்றன. ஆய்வேடுகளில் அந்த அட்டவணை படாத பாடு படுகிறது. அதில் இரண்டு குழுக்களை ஒப்பிடும் பேச்சே இல்லை. சோதனை எதுவும் இல்லை. ஒரே ஒரு விழுக்காட்டை மதிப்பிடுவதற்கான அட்டவணை அது. புதிய கற்பித்தல் முறை பழையதைவிட நல்லதா என்று கேட்கும் ஆய்வுக்கு அந்த எண் பெரிதாகவும் இருக்கலாம், சிறிதாகவும் இருக்கலாம். பொருந்தினால் தற்செயல்.

30இன் கதை வேறு. பாடப்புத்தகங்களில் 'பெரிய மாதிரி' என்பதற்கு ஒரு வசதியான எல்லையாகச் சொன்னதை, நாம் 'போதுமான மாதிரி' என்று எடுத்துக்கொண்டோம். குழுவுக்கு 30 பேர், நடுத்தர அளவிலான வேறுபாடு, வழக்கமான 5 விழுக்காட்டு மட்டத்தில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்புக்கு வைக்கும் எல்லை அது) இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை என்று வைத்துக்கொண்டால், உண்மையிலேயே இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, அதாவது பவர், ஏறக்குறைய 48 விழுக்காடு. காசைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் மோசம். 1962இல் ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர், ஓர் ஆய்விதழில் ஓராண்டில் வந்த கட்டுரைகளை எடுத்துப் பார்த்தபோது, நடுத்தர வேறுபாட்டைக் கண்டுபிடிக்க அவற்றுக்கு இருந்த வாய்ப்பு சராசரியாக ஏறக்குறைய பாதிதான் என்று கண்டார். அறுபது ஆண்டுகள் கழித்தும் நாம் அதே இடத்தில் நிற்கிறோம்.

64 இவற்றைவிட மரியாதையான எண். ஒவ்வொரு குழுவிலும் 64 பேர், மொத்தம் 128. இரண்டு தனித்தனிக் குழுக்களின் சராசரிகளை டி-சோதனையால் ஒப்பிடும்போது, வேறுபாடு அதே நடுத்தர அளவு, அதாவது அரை திட்ட விலக்கம் இருந்தால் (திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு), 80 விழுக்காடு பவரோடு அதைப் பிடிக்க இவ்வளவு பேர் வேண்டும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் யார் போட்டாலும் 128 வரும். கவனித்திருக்கிறீர்களா, அந்த மென்பொருளைத் திறந்ததும் முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்வது எந்தச் சோதனை என்பதைத்தான். அதற்குப் பிறகுதான் மற்றவை. மென்பொருள் கேட்கும் வரிசையை நம் படிவம் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. 64 என்று போட்டுவிட்டு, கடைசியில் டி-சோதனை அல்லாத வேறு ஏதோ ஒன்றைச் செய்யும் திட்டங்கள்தாம் என்னிடம் அதிகம் வருகின்றன. அவற்றுக்கு நீங்கள் அனுமதியும் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொடக்கநிலை 4 மாணவர்களுக்குத் தினமும் பத்து நிமிடம் தமிழ் ஒலிச்செய்தி கேட்கவைத்து, அதைப் பற்றிப் பேசவிட்டால், வாய்மொழித் திறன் வளருமா என்பது கேள்வி. நல்ல கேள்வி. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் பெருகிவரும் ஊரில் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. வாய்மொழித் தேர்வுக்கு 50 மதிப்பெண். வழக்கமான வகுப்பில் சராசரி 30, திட்ட விலக்கம் 8 என்று ஆசிரியருக்குப் பழைய பதிவுகளிலிருந்து தெரியும். 4 மதிப்பெண் உயர்ந்தால் இதைத் தொடர்ந்து செய்வேன் என்கிறார். 4ஐ 8ஆல் வகுத்தால் அரை. ஆகவே குழுவுக்கு 64. இதுவரை எல்லாம் சரி.

மூன்றாம் பக்கத்துக்குப் போனால், 'தேர்ச்சி பெற்றோர், பெறாதோர் எனப் பிரித்துக் கைவர்க்கச் சோதனை செய்யப்படும்' என்று எழுதியிருக்கிறது. அது சராசரிகளை அல்ல, எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதை ஒப்பிடும் சோதனை. தேர்ச்சி எல்லை 32 என்று வைப்போம். மதிப்பெண்கள் மணி வடிவ இயல்புப் பரவலை ஒட்டியிருந்தால், பழைய முறையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும், புதிய முறையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரும் அந்த எல்லையைத் தாண்டுவார்கள். பார்க்கப் பெரிய வித்தியாசம்தான். ஆனால் அதே 80 விழுக்காடு பவருக்கு இப்போது குழுவுக்கு ஏறத்தாழ 100 பேர் வேண்டும். பிள்ளைகள் அதே பிள்ளைகள், தேர்வும் அதே தேர்வு, முன்னேற்றமும் அதே 4 மதிப்பெண். 31 வாங்கியவரையும் 12 வாங்கியவரையும் ஒரே கூடையில் போட்டதற்குக் கட்டணம் குழுவுக்கு 36 பிள்ளைகள். எல்லை நடுவில் இருந்ததால்தான் இவ்வளவோடு போயிற்று. 'சிறப்புத் தேர்ச்சி' என்று 38ஐ எல்லையாக வைத்தால் 16 விழுக்காட்டுக்கும் 31 விழுக்காட்டுக்குமான ஒப்பீடாகிவிடும். அப்போது தேவை ஏறத்தாழ 125. கையில் 64 மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்து, 'புதிய முறையால் பயனில்லை' என்று ஓர் அறிக்கை வந்தால், அந்தப் பத்து நிமிடத்தை அடுத்த ஆண்டு யாரும் ஒதுக்க மாட்டார்கள்.

இனி மறுபக்கம். அதே ஆசிரியர் ஆண்டுத் தொடக்கத்திலும் ஒரு வாய்மொழித் தேர்வு வைக்கிறார். முதல் தேர்வுக்கும் கடைசித் தேர்வுக்கும் ஒட்டுறவு (இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்ற அளவு, முழுப் பொருத்தம் என்றால் 1) 0.7 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கடைசி மதிப்பெண்ணை ஒப்பிடும் உடன்மாறிப் பகுப்பாய்வைச் செய்தால், 64 என்பது 33ஆகக் குறைந்துவிடும். 0.7இன் வர்க்கம் 0.49, அந்தப் பங்கு சிதறல் கழிந்துவிடுகிறது, அவ்வளவுதான். குழுவுக்கு 33 பிள்ளைகளை வைத்து 64 பிள்ளைகளின் வேலையைச் செய்யலாம். படிவத்தில் பகுப்பாய்வு முதலில் வந்திருந்தால் இதை அவரும் கண்டிருப்பார், நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலர் முன்மதிப்பெண்ணைப் பின்மதிப்பெண்ணிலிருந்து கழித்து, அந்த வித்தியாசங்களை டி-சோதனை செய்கிறார்கள். ஒட்டுறவு 0.7 என்றால் பரவாயில்லை, குழுவுக்கு 39 பேர் போதும். ஆனால் இரண்டு தேர்வுகளையும் வெவ்வேறு ஆசிரியர்கள் வெவ்வேறு மனநிலையில் திருத்தி, ஒட்டுறவு 0.4 ஆகிவிட்டது என்று வைப்போம். கழித்துப் பார்க்கும் முறைக்கு இப்போது 77 பேர் வேண்டும். முன்தேர்வே வைக்காமல் இருந்திருந்தால் 64! ஒட்டுறவு 0.5க்குக் கீழே போனால் கழித்தல் உதவாது, கெடுக்கும். உடன்மாறிப் பகுப்பாய்வோ அதே 0.4இலும் 54 பேரோடு முடித்துவிடும். ஒரே தரவு, ஒரே கேள்வி, மூன்று எண்கள்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் முடிவுகளை வைத்து ஆய்வு செய்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 முதல் மதிப்பெண்கள் ஏஎல்1 (மிக உயர்ந்தது) முதல் ஏஎல்8 வரையிலான அடைவுநிலைகளாகத்தான் வருகின்றன. இந்தப் படிகள் ஒரே உயரம் உள்ளவை அல்ல. ஏஎல்2 என்பது 85 முதல் 89 வரை, ஐந்தே மதிப்பெண். ஏஎல்6 என்பது 45 முதல் 64 வரை, இருபது மதிப்பெண். 46 வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை 63க்கு ஏறினாலும் ஏஎல்6லேயே நிற்கும். 84இலிருந்து 85க்குப் போன பிள்ளை ஒரு படி ஏறிவிடும். இந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்து டி-சோதனை செய்வதாகச் சொல்லும் விண்ணப்பத்தில், மாதிரி எண்ணிக்கை எவ்வளவு அழகாகக் கணக்கிடப்பட்டிருந்தாலும் என்ன பயன்? இதற்கு வரிசைத் தரவுக்கான சோதனைகள் இருக்கின்றன, அவற்றுக்கான எண்ணிக்கைக் கணக்கும் இருக்கிறது. அந்தக் கணக்கு, பிள்ளைகள் எந்தெந்தப் படியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஐந்து படிகளில் ஓரளவு சமமாகப் பரவியிருந்தால் இழப்பு சொற்பம். முக்கால்வாசிப் பேர் ஒரே படியில் குவிந்திருந்தால் எண்ணிக்கை நன்றாகவே ஏறும். சென்ற ஆண்டுகளின் பரவலைக் கேட்டு வாங்காமல் இந்தக் கட்டத்தை நிரப்பவே முடியாது.

மதிப்பெண்களுக்குப் பதிலாக அவற்றின் வரிசை இடங்களை ஒப்பிடும் தரவரிசைச் சோதனைகளைப் பற்றி உங்கள் குழுவில் இரண்டு நம்பிக்கைகள் உலவுவதாகத் தெரிகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை, இரண்டும் தவறு. முதலாவது, மான்-விட்னி போன்ற சோதனையைப் பயன்படுத்தினால் ஆள்கணக்கு எக்கச்சக்கமாகக் கூடும் என்பது. உண்மையில் தரவு இயல்புப் பரவலாகவே இருந்தாலும், டி-சோதனைக்கு 64 என்றால் மான்-விட்னிக்கு 67 போதும். பரவலின் வடிவம் எதுவாக இருந்தாலும், பெரிய மாதிரிகளில் அதன் திறமை டி-சோதனையில் 86 விழுக்காட்டுக்குக் கீழே போகாது என்று 1956இல் ஹாட்ஜஸ், லேமன் இருவரும் நிறுவினார்கள். வால் நீண்ட பரவல்களில் டி-சோதனையைவிடக் குறைந்த ஆட்களே போதும். ஆக, மோசமான நிலைக்கு 15, 16 விழுக்காடு கூட்டிக்கொண்டால் போதுமானது.

இரண்டாவது நம்பிக்கை, மாதிரி சிறியதாக இருந்தால் தரவரிசைச் சோதனைக்குப் போய்விட வேண்டும் என்பது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பற்றிய ஒரு திட்டத்தில் குழுவுக்கு மூன்று பேர். மான்-விட்னி என்று எழுதியிருந்தது. மூன்று பேர், மூன்று பேர் என்றால் தரவரிசைகளை 20 விதமாகத்தான் பிரிக்க முடியும். மிக மிகத் தெளிவான முடிவு, ஒரு குழுவின் மூவரும் மற்ற மூவரையும் முந்திவிட்டாலும், இருபக்கச் சோதனையில் கிடைக்கும் பி-மதிப்பு (வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வர உள்ள வாய்ப்பு) 20இல் 2, அதாவது 0.10. 0.05க்குக் கீழே போக வழியே இல்லை. என்ன நடந்தாலும் 'வேறுபாடு இல்லை' என்று சொல்லப்போகும் ஓர் ஆய்வுக்குப் பெற்றோரிடம் ஒப்புதல் கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள்! நான்கு நான்கு பேர் என்றால் 70இல் 2, 0.03க்குச் சற்றுக் கீழே. அங்கே குறைந்தபட்சம் கதவு திறந்திருக்கிறது. சோதனை எது என்று முதலில் கேட்டிருந்தால் இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் வகுப்புகள். நம் ஆய்வுகளில் பிள்ளைகள் தனித்தனியாக வருவதில்லை, வகுப்பு வகுப்பாக வருகிறார்கள். ஒரே ஆசிரியர், ஒரே நேர அட்டவணை, ஒரே கூட்டாளிகள். ஒரு வகுப்பில் இருபது பேர் இருந்தால் இருபது தனிச் செய்திகள் கிடைப்பதில்லை. எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வகுப்பின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதை வகுப்புக்குள் இருக்கும் ஒற்றுமையின் அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், மொத்த ஆள்கணக்கை எத்தனை மடங்காக்க வேண்டும் என்று வரும். அந்த ஒற்றுமை அளவு 0.15 என்று எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதை 0.15ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 3.85. 128ஐ 3.85ஆல் பெருக்கினால் 493 பிள்ளைகள். இருபது பேர் வகுப்பு என்றால் 25 வகுப்புகள், இரு பக்கமும் சமமாக வர 26.

மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கை இன்னொரு பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் குலுக்கல் முறையில் பத்துப் பேரை மட்டும் எடுத்தால் மடங்கு 2.35ஆகக் குறைகிறது. மொத்தம் 301 பிள்ளைகள், 31 வகுப்புகள், சமமாகப் பிரிக்க 32 என்று வைப்போம். ஆறு வகுப்பு கூடுதல், ஆனால் கேட்டு மதிப்பெண் போட வேண்டிய ஒலிப்பதிவுகள் ஏறக்குறைய 200 குறைவு. வாய்மொழிப் பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போட்டவர்களுக்குத் தெரியும், அது எத்தனை வார இறுதிகள் என்று. இத்தனை வகுப்புகள் ஒரே பள்ளியில் கிடைக்காது. தமிழ்ப் பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிகளில் ஒரு நிலைக்கு ஒரே வகுப்புதான், சில இடங்களில் அதுவும் இல்லை, பிள்ளைகள் வேறு நிலையத்துக்குப் போய்த் தமிழ் படிக்கிறார்கள். ஆகவே பள்ளிகள் சேர்ந்து செய்யும் ஆய்வுகளை ஊக்குவிக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்து தானாகவே வரும் முடிவு. அதைச் செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்கள் தனி ஆசிரியர்கள் அல்லர், நீங்கள்தான்.

ஒரு வகுப்புக்குப் புதிய முறை, இன்னொரு வகுப்புக்குப் பழைய முறை என்ற வடிவம்தான் உங்களிடம் அதிகம் வருகிறது. அதில் வகுப்புக்கு 20 பேர் இருந்தாலும் 40 பேர் இருந்தாலும், முறையின் விளைவையும் ஆசிரியரின் விளைவையும் பிரிக்க முடியாது. வெறும் இரண்டு வகுப்புகளை வைத்து எந்தச் சோதனையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. 'குழுவுக்கு 30 பேர் இருப்பதை உறுதிசெய்க' என்று இப்படிப்பட்ட ஒரு திட்டத்தைத் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். அந்த ஆசிரியர் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டுப் பேரைக் கடன் வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிட்டார். ஆய்வு முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது, படிவம் மட்டும் நிறைவு பெற்றது.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கையும் தனித்தனியாகச் சோதித்து, எதில் வென்றாலும் வெற்றி என்று சொல்லும் திட்டம் 5 விழுக்காட்டு மட்டத்தை நான்காகப் பிரிக்க வேண்டும். அப்போது 64 என்பது 91 ஆகும். முதன்மையானது வாய்மொழிதான், மற்றவை கூடுதல் தகவல் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் 64 அப்படியே நிற்கும். அப்புறம், 'வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கும் பேசாத பிள்ளைகளுக்கும் பயன் வேறுபடுகிறதா' என்ற கேள்வி அடிக்கடி போகிற போக்கில் சேர்க்கப்படுகிறது. பயன் இருக்கிறதா என்று பார்க்கத் தேவையானதைப்போல நான்கு மடங்கு பிள்ளைகள் இதற்கு வேண்டும், அதுவும் இரு தரப்பும் பாதிப் பாதியாக இருந்து, தேடும் வேறுபாடு அந்தப் பயனளவுக்கே பெரிதாக இருந்தால். 'இணையவழிப் பாடம் நேரடிப் பாடத்துக்குச் சமம்' என்று காட்ட விரும்புகிறவர்களுக்குச் சாதாரண டி-சோதனையே பொருந்தாது. வேறுபாடு தெரியவில்லை என்பதால் சமம் என்று ஆகிவிடாது. எவ்வளவு வித்தியாசம்வரை சமம் என்று கொள்ளலாம் என முதலில் எழுதி, அதற்கான சோதனைக்கு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். தரவைப் பார்க்காமல் சோதனையை எப்படித் தேர்ந்தெடுப்பது, இயல்புப் பரவலா என்று பார்த்த பிறகுதானே முடிவு செய்ய வேண்டும் என்பீர்கள். பல ஆய்வு வழிகாட்டிகளிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் முக்கியமான விஷயங்கள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவைதாம். அளக்கப்போவது மதிப்பெண்ணா, படிநிலையா, ஆம்-இல்லையா என்பது தெரியும். அதே பிள்ளையை இருமுறை அளக்கிறோமா என்பது தெரியும். வகுப்பாகப் பிரிக்கிறோமா, ஆளாகப் பிரிக்கிறோமா என்பதும் தெரியும். சோதனையை முடிவு செய்பவை இவையே. இயல்புப் பரவலைச் சோதிக்கும் சோதனைக்கும் பவர் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். இருபது பேரில் அது பெரும்பாலும் எதையும் கண்டுபிடிக்காது, இரண்டாயிரம் பேரில் ஒன்றுக்கும் உதவாத சிறு கோணலையும் கண்டுபிடித்துக் கூச்சல் போடும். சந்தேகம் இருந்தால் தொடக்கத்திலேயே மான்-விட்னி என்று எழுதி, 67 என்று போட்டுவிட்டுப் போகலாம். பின்னால் திட்டத்தை மாற்ற நேர்ந்தால் மாற்றட்டும், மாற்றியதை அறிக்கையில் சொல்லட்டும்.

இன்னொரு மறுப்பு நியாயமானது. எங்கள் பள்ளியில் இருப்பதே 39 பிள்ளைகள், எண்ணிக்கையைக் கணக்கிட்டு என்ன செய்ய என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அவர்களிடம் கணக்கைத் தலைகீழாகப் போடச் சொல்லுங்கள். 18 பேரும் 21 பேரும் இருந்தால், டி-சோதனையால் 80 விழுக்காடு வாய்ப்போடு பிடிக்கக்கூடியது ஏறக்குறைய 0.9 திட்ட விலக்க வேறுபாடு. நம் வாய்மொழித் தேர்வில் அது 7 மதிப்பெண்ணுக்கும் மேல். பத்து நிமிட ஒலிச்செய்தி அவ்வளவு தூக்கிவிடுமா என்று ஆசிரியரே சொல்லட்டும். முன்தேர்வு வைத்து உடன்மாறிப் பகுப்பாய்வு செய்தால், ஒட்டுறவு 0.7 என்ற நிலையில், ஏறக்குறைய 5 மதிப்பெண்வரை இறங்கலாம். அப்படியும் போதவில்லை என்றால், இது ஒரு முன்னோட்ட ஆய்வு, பதிவு செய்யும் முறையைச் சோதிக்கவும், திட்ட விலக்கத்தையும் ஒட்டுறவையும் தெரிந்துகொள்ளவும் செய்கிறேன் என்று வெளிப்படையாக எழுதலாம். அப்படி எழுதும் விண்ணப்பத்தை நீங்கள் நிராகரிக்கக் கூடாது. இப்போது நிராகரிக்கிறீர்கள், அதனால்தான் எல்லாரும் 64 என்று எழுதுகிறார்கள்.

எவ்வளவு வேறுபாட்டை எதிர்பார்ப்பது என்பதிலும் படிவம் கெடுதல் செய்கிறது. 'விளைவின் அளவு: சிறிது, நடுத்தரம், பெரிது' என்று மூன்று கட்டங்கள் வைத்து டிக் போடச் சொல்கிறீர்கள். 0.2, 0.5, 0.8 என்ற அளவுகளைக் கொடுத்த கோஹனே, வேறு எதுவும் தெரியாதபோது மட்டும் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். நடுத்தரத்தில் டிக் போடாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு எண்களைக் கேளுங்கள்: எத்தனை மதிப்பெண் உயர்ந்தால் உங்கள் பாடத்திட்டத்தை மாற்றுவீர்கள்? சென்ற ஆண்டு உங்கள் மாணவர்களின் திட்ட விலக்கம் என்ன? டி-சோதனைக்கு மனக்கணக்கே போதும். திட்ட விலக்கத்தை அந்த உயர்வால் வகுத்து, வர்க்கமாக்கி, 16ஆல் பெருக்கினால் ஒரு குழுவுக்கான எண்ணிக்கை. 8ஐ 4ஆல் வகுத்தால் 2, வர்க்கம் 4, பதினாறு நான்கு 64. 2 மதிப்பெண் உயர்வே போதும் என்றால் 256. ஆசிரியர் இதைத் தாமே போட்டுப் பார்க்கும்போது அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். முதல் பக்கத்தில் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். அடுத்து, முதன்மையாக அளக்கப்போவது என்ன, எந்த வடிவில் என்று கேளுங்கள். பிள்ளைகள் எப்படிப் பிரிக்கப்படுகிறார்கள், ஆளாகவா வகுப்பாகவா என்று கேளுங்கள். பிறகு சோதனை. அதற்குக் கீழேதான் எண்ணிக்கை, எந்தச் சோதனைக்காக எந்த எதிர்பார்ப்புகளோடு கணக்கிட்டது என்ற விளக்கத்தோடு. சோதனையின் பெயரும் எண்ணிக்கைக் கணக்கில் உள்ள சோதனையின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் உங்களில் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தாலே, என் மேசைக்கு வரும் பிரச்சினைகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். சூத்திரம் இல்லாத சிக்கலான பகுப்பாய்வு என்றால் கணினியில் பொய்த் தரவை ஆயிரம் முறை உருவாக்கி, எத்தனை முறை வேறுபாடு பிடிபடுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். அதற்கு ஆர் மென்பொருள் தெரிந்த ஒருவரை ஆண்டுக்கு இரண்டு நாள் வரவழைத்தால் போதும். ஆய்வு முடிந்த பிறகு 'கிடைத்த பவர் என்ன' என்று இறுதி அறிக்கையில் கேட்கும் கேள்வியை எடுத்துவிடுங்கள். அது பி-மதிப்பையே வேறு சட்டை போட்டுத் திரும்பக் காட்டுவது, புதிதாக ஒன்றும் சொல்லாது. பதிலாக வேறுபாட்டின் நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான வேறுபாடு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்பதை, கேளுங்கள்.

இந்த வரிசையில் ஒரு மாதிரிப் படிவத்தைத் தயாரித்து உங்கள் செயலாளருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பழையதைவிட அரைப் பக்கம் நீளம். அதற்கு ஈடாக, நகலெடுக்கும் செலவை நான்கு வரிகளில் பிரித்துக் கேட்கும் பகுதியை ஒரே வரியாக்கிவிட்டேன். பழைய படிவத்தோடு அந்த ஒலிச்செய்தித் திட்டம் இப்போது உங்கள் முன் இருக்கிறது. குழுவுக்கு 64 பேர், கைவர்க்கச் சோதனை. அதைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால், எண்ணிக்கையை ஏற்றச் சொல்லாமல், தேர்ச்சி எல்லையை விட்டுவிட்டு மதிப்பெண்ணையே எடுத்துக்கொண்டு ஜனவரியில் ஒரு முன்தேர்வு வைக்கச் சொல்லுங்கள். கூடவே, இதே கேள்வியை வைத்திருக்கும் மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்கள் யார் என்பதையும் அவருக்குத் தெரியப்படுத்துங்கள். உங்கள் கோப்புகளில் அந்தப் பெயர்கள் இருக்கும்.

இப்படிக்கு,
அங் மோ கியோவிலிருந்து ஒரு புள்ளியியலாளர்